கும்மோணத்துக்கு மொத தடவ வர்றீங்களா? ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள நடங்க

மெட்ராஸ்லேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் யாராவது போன் பண்ணி "அடுத்த வாரம் கும்பகோணம் வரோம்டா, ஒம்போது நவக்கிரகமும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்ல"ன்னு கேட்டா எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். வராங்க, ராத்திரி லாட்ஜ்ல படுக்கறாங்க, விடியக்காலைல வேன் ஏறி திங்களூர்ல ஆரம்பிச்சு திருநள்ளாறு வரைக்கும் ஓடறாங்க, களைச்சுப் போயி திரும்பி வந்து ஒரு காபி குடிச்சிட்டு கிளம்பிடறாங்க. பரிகாரம் பண்றவங்க பண்ணட்டும், அது அவங்கவங்க நம்பிக்கை, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்க படுத்து எந்திரிச்ச ஊரை அவங்க பாக்கவே இல்லங்கறது தான் என் வருத்தம். அதனால மொத தடவ வர்றவங்களுக்கு நான் போன்ல சொல்ற பிளானை அப்படியே இங்க எழுதிடறேன். ரெண்டு நாள் போதும். காரே வேணாம், காலும் கொஞ்சம் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் போதும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மொதல்லயே மண்டைல ஏத்திக்கோங்க. இந்த ஊர் கோவில் நடைய வச்சுதான் ஓடுது. காலைல சீக்கிரம் திறப்பாங்க, 12 இல்ல 12:30க்கு சாத்திடுவாங்க, அப்பறம் சாயங்காலம் 4 மணி 4:30க்கு தான் திரும்ப திறப்பாங்க. இது தெரியாம 11:45க்கு வந்து இறங்கிட்டு மூடின கதவைப் பாத்துட்டு வெயில்ல நிக்கற குடும்பத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் பாக்கறேன். காலை கோவிலுக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கும் பட்டறைக்கும், சாயங்காலம் திரும்ப கோவிலுக்கு. நான் சொல்லப் போற பிளான் பூரா இந்தக் கணக்குலதான் இருக்கு.

எப்ப வரணும், எப்படி வரணும்

டிசம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் தான் பெஸ்ட். மார்கழில விடியக்காலைல ஊர்ல கோலமும் பனியும் ஸ்பீக்கர்ல திருப்பாவையுமா இருக்கும், அது ஒரு தனி அனுபவம். ஏப்ரல் மே வேணாம். வெயில் மட்டும் பிரச்சனை இல்ல, கோவில் பிரகாரம் பூரா கருங்கல்லு, செருப்பில்லாம நடக்கணும், 10 மணிக்கு மேல கால் வைக்க முடியாது, சின்னப் பசங்க அழுதுடுவாங்க. அப்படியே வந்தாலும் சாக்ஸ் கொண்டு வாங்க. ஐப்பசி கார்த்திகைல மழை நல்லா பிடிக்கும். ஆடி மாசம் வேற விதமா அழகு, மேட்டூர் அணைய ஜூன் 12 திறக்கறது வழக்கம், அந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வந்து சேர்ந்து காவிரி கரை நிறைஞ்சு ஓடறதைப் பாக்கணும்னா ஆடிப்பெருக்கு சமயத்துல வாங்க. கோடையில வந்தீங்கன்னா ஆறு இருக்கற இடத்துல மணல் தான் இருக்கும்.

பெரிய முகூர்த்த நாளா இருந்தா லாட்ஜ் கிடைக்கறது கஷ்டம், நாள்காட்டியைப் பாத்துட்டு ரூம் போடுங்க. மாசி மகத்தன்னிக்கும் அப்படித்தான். 12 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற மகாமகம் கடைசியா 2016ல நடந்துச்சு, அடுத்தது 2028. அந்தச் சமயத்துல ஊர் சுத்திப் பாக்கறதெல்லாம் நடக்காது, அது வேற ஒரு உலகம், அதுக்குன்னு தனியா மனசைத் தயார் பண்ணிக்கிட்டு தான் வரணும். 1992 மகாமகத்துல குளத்துல நெரிசல்ல சிக்கி பல பேர் இறந்துபோனாங்க, எங்க வீட்ல இன்னமும் அதைப் பத்திப் பேசுவாங்க. கூட்டம்னா பயம் இருக்கறவங்க சாதாரண நாள்லயே வந்து குளத்தைப் பாருங்க.

ட்ரெயின்ல வாங்க. எழும்பூர்லேர்ந்து ராத்திரி கிளம்பற உழவன் எக்ஸ்பிரஸ் விடியறதுக்கு முன்னாடி இறக்கி விட்டுடும், பகல்ல வயக்காட்டைப் பாத்துக்கிட்டு வரணும்னா சோழன் எக்ஸ்பிரஸ். ஃப்ளைட்ல வர்றவங்க திருச்சில இறங்கணும், அங்கேர்ந்து 90 கிலோமீட்டருக்கு மேல, தஞ்சாவூர் வழியா பஸ் ராப்பகலா இருக்கு. தஞ்சாவூர்லேர்ந்து 40 கிலோமீட்டர். ரூம் எடுக்கும்போது ஊருக்கு வெளிய பைபாஸ் பக்கம் எடுக்காதீங்க, மகாமகக் குளத்துக்கும் நாகேஸ்வரன் கோவிலுக்கும் பக்கத்துல எடுத்தா எல்லாத்துக்கும் நடந்தே போயிடலாம்.

பையில என்ன இருக்கணும்னா, சட்டுனு கழட்டி மாட்டற செருப்பு (ஷூ போட்டுக்கிட்டு வந்தா ஒரு நாளைக்கு பத்து தடவ லேஸ் கட்டணும்), ஒரு துணிப்பை, பத்து ரூபா இருபது ரூபா சில்லறை, தண்ணி பாட்டில். சாதாரண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால குடும்பமா வர்றவங்களுக்கு தாராசுரம், சாமிமலை போறதுக்கு செலவே பெருசா ஆகாது.

மொத நாள் காலை: குளத்துல ஆரம்பிங்க

ஊரோட அமைப்பு ஈசி. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவுல ஊர். ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் கிழக்கால, மகாமகக் குளம் அங்கேர்ந்து பத்து பதினஞ்சு நிமிஷ நடை, அதுக்கும் மேற்கால பழைய ஊர். நீங்க கிழக்குலேர்ந்து மேற்குப் பக்கமா நடந்தாலே கோவில் ஒண்ணு ஒண்ணா தானா வந்துடும்.

அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு மொதல்ல காபி. டிகிரி காபின்னா என்னன்னு கேப்பீங்க. பாலோட தரத்தை அளக்கற லாக்டோமீட்டர்ல டிகிரி பாப்பாங்க, தண்ணி கலக்காத பசும்பால்ல போட்டது டிகிரி காபின்னு ஒரு விளக்கம், சிக்கரிங்கற வார்த்தை தேஞ்சு டிகிரி ஆச்சுன்னு இன்னொரு விளக்கம். எங்க அப்பா மொத விளக்கம் தான் சரின்னு சொல்லுவாரு, நானும் அந்தக் கட்சி தான். ஏன்னா இங்க காபியோட உசுரே பால்ல தான் இருக்கு, அன்னிக்குக் கறந்த பசும்பாலு, அப்பவே காய்ச்சினது, ஃபில்டர்ல இறங்கின மொத டிகாக்ஷன், பித்தளை டபரா டம்ளர். ஹைவேல ஊர் பேரைப் போட்டு போர்டு வச்சிருக்கற கடைகள்ல பித்தளை டம்ளர் இருக்கும், ஆனா பாக்கெட் பால்ல இந்த ருசி வராது. நல்ல கடைய எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, காலைல ஆறு மணிக்கு வேட்டி கட்டின பெரியவங்க பேப்பரோட நின்னுக்கிட்டு குடிக்கற கடை எதுவோ அதுல குடிங்க. "சர்க்கரை கம்மியா"ன்னு கேட்டு வாங்குங்க, இங்க இனிப்பு ஒரு சுத்து தூக்கலா போடுவாங்க.

இப்ப குளம். காலைல ஆறு மணிக்கு அந்தக் குளத்தை ஒரு சுத்து சுத்தி வாங்க, அவ்வளவு அமைதியா இருக்கும். சுத்தி 16 மண்டபம் இருக்கு, நாயக்கர் காலத்துல மந்திரியா இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டினது. துலாபாரம் குடுக்கற மாதிரி ஒரு சிற்பம் ஒரு மண்டபத்தோட விதானத்துல இருக்கு, அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்தீங்கன்னா மாட்டும், எதுலன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிக் கண்டுபிடிக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு. குளத்துக்குள்ள 20 கிணறு, ஒவ்வொண்ணும் ஒரு தீர்த்தம். வடகரையில காசி விஸ்வநாதர் கோவில். அதுல கங்கை, யமுனை, காவிரின்னு ஒம்போது நதியும் ஒம்போது பெண்களா நிக்கறாங்க, நவகன்னியர்னு சொல்லுவோம். தங்களோட பாவத்தைக் கழுவிக்க நதிகளே இங்க வந்து குளிச்சதா ஐதீகம்.

அங்கேர்ந்து நாகேஸ்வரன் கோவில். இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்துடறாங்க. தயவு பண்ணி கருவறையோட வெளிச்சுவரை ஒரு தடவ மெதுவா சுத்துங்க. ஆரம்பகாலச் சோழர் கோவில் இது, 9ஆம் நூற்றாண்டு, தஞ்சாவூர் பெரிய கோவிலுக்கு ரொம்ப முன்னாடி. மாடத்துல நிக்கற ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஆள் உசரம், கல்லுன்னு தோணாது, இப்ப திரும்பிப் பாத்து பேசிடுவாங்க போல இருக்கும். அந்தப் பெண்கள் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சி பண்றவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க, ராணியோ, ராஜகுடும்பமோ, ராமாயணப் பாத்திரமோ. எனக்கு அதெல்லாம் முடிவாகணும்னு கூட இல்ல. காலேஜ் படிக்கறப்ப மனசு சரியில்லன்னா நான் அங்க போய் தான் உக்காருவேன், அந்தத் தலை சாய்ச்ச பொண்ணு முகத்தைப் பாத்தா ஏதோ சமாதானம் ஆகும். கீழ அதிஷ்டானத்துல, அதாவது அடிப்பீடத்துல, உள்ளங்கை அகலத்துக்கு குட்டிக்குட்டியா ராமாயணக் காட்சிகள் இருக்கு, குனிஞ்சு பாக்கணும். நடராஜர் மண்டபம் சக்கரம் குதிரையோட தேர் மாதிரி. சித்திரை மாசம் 11, 12, 13 தேதிகள்ல சூரிய ஒளி நேரா லிங்கத்து மேல விழும்.

டிபன் முடிச்சுக்கிட்டு (இட்லி, பொங்கல் எது வேணாலும்) சாரங்கபாணி சன்னதித் தெரு வழியா நடங்க. அந்தத் தெருவுல தான் கணித மேதை ராமானுஜன் வீடு இருக்கு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாக்கறாங்க, 2003ல அப்துல் கலாம் ஜனாதிபதியா இருக்கும்போது வந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சாரு. ரொம்பச் சின்ன ஓட்டு வீடு, தெருவைப் பாத்த ஜன்னல், பக்கத்துல ஒரு கட்டில். அவ்வளவுதான். டவுன் ஹைஸ்கூல்ல பரிசா வாங்கிக் குவிச்ச பையன், ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற கவர்ன்மென்ட் காலேஜ்ல கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காம ஸ்காலர்ஷிப்பை இழந்துட்டாரு. இந்தத் திண்ணைல உக்காந்துதான் சிலேட்டுல போட்டுப் போட்டு முழங்கையால அழிச்சிருக்காரு. உங்க கூட பரீட்சைல மார்க் வாங்காத பிள்ளை யாராவது வந்தா அவங்களைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அதிகாலைல திறந்திருக்காது, 10 மணிக்கு மேல போங்க, அதாவது மொதல்ல தெருக்கோடில இருக்கற கோவிலைப் பாத்துட்டு திரும்பி வரும்போது.

தெருக்கோடில சாரங்கபாணி கோவில், 11 நிலை ராஜகோபுரம். திவ்யதேசங்கள்ல ஸ்ரீரங்கம், திருப்பதிக்கு அடுத்து இதைத்தான் சொல்லுவாங்க. கருவறையே குதிரையும் யானையும் இழுக்கற தேர் மாதிரி கட்டியிருக்கு. பெருமாளுக்குப் பேரு ஆராவமுதன், எவ்வளவு பாத்தாலும் தெவிட்டாத அமுது. முழுசா படுத்தும் இல்ல, எந்திரிச்சும் இல்ல, கொஞ்சம் தலையைத் தூக்கின மாதிரி கிடப்பாரு, திருமழிசை ஆழ்வார் எந்திரிச்சுப் பேசச் சொன்னதால எழும்பப் பாத்தாராம். இதைவிட எனக்குப் பிடிச்ச கதை இன்னொண்ணு. இந்த ஆராவமுதன் மேல நம்மாழ்வார் பாடின பத்துப் பாட்டை யாரோ பாடக் கேட்டு, கடைசில "ஆயிரத்துள் இப்பத்தும்"னு வர்றதைக் கவனிச்ச நாதமுனிகள், அப்ப மிச்சப் பாட்டெல்லாம் எங்கன்னு தேடிக்கிட்டுப் போயிதான் நாலாயிர திவ்யப் பிரபந்தம் நமக்குக் கிடைச்சதுன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர் சாமி மேல பாடின பத்துப் பாட்டுலேர்ந்து நாலாயிரமும் திரும்பக் கிடைச்சிருக்கு, அதை நினைச்சா எனக்கு இன்னமும் புல்லரிக்கும்.

கோவிலுக்குப் பின்னாடி பொற்றாமரைக் குளம், அதைத் தாண்டினா கும்பேஸ்வரர் கோவில். பிரளயத்துல அமுத கும்பம் மிதந்து வந்து இங்க தங்கி, வேடன் உருவத்துல வந்த சிவன் அம்பு விட்டு உடைச்சாரு, அந்தக் குடத்தோட மூக்கு தான் ஊருக்கே பேரு, தேவாரத்துல குடமூக்குன்னு வரும். உள்ள நுழைஞ்சதும் நீளமா ஒரு மண்டபம், ரெண்டு பக்கமும் கடை, பாத்திரம், குங்குமம், வளையல், பொம்மை. சின்ன வயசுல எங்க பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த மண்டபத்துல நடக்கும்போது வர்ற வாசனை இருக்கு பாருங்க, பூவும் விபூதியும் புதுப் பித்தளையும் கலந்து, அது இன்னமும் அப்படியே இருக்கு. நவராத்திரி மண்டபத்துல ஒரே கல்லுல 27 நட்சத்திரமும் 12 ராசியும் செதுக்கியிருக்காங்க, உங்க நட்சத்திரம் எதுன்னு தேடுங்க. கல்லுலயே செஞ்ச நாதஸ்வரம் ஒண்ணும் இந்தக் கோவில்ல இருக்கு.

இதுக்குள்ள 11:30 ஆயிருக்கும். இன்னும் ஒரு கோவில்னு பேராசைப்படாதீங்க.

மத்தியானம்

வாழை இலைல சாப்பாடு, அப்பறம் ரூமுக்குப் போய் ஒரு மணி நேரம் தூங்குங்க. நான் ஒண்ணும் சும்மா சொல்லல, ஊரே அந்த நேரம் தூங்கும். சாப்பிட்டதும் வெத்தலை போடற பழக்கம் இல்லாட்டியும் ஒரு தடவ போட்டுப் பாருங்க. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு கிடைச்சுது. காவிரிக்கரை வண்டல் மண்ணுல, அகத்தி மரத்துல கொடிய ஏத்தி விட்டு வளக்கறது, கொடிக்கால்னு சொல்லுவோம். இலை மெல்லிசா இருக்கும், வாயில போட்டா கரைஞ்சிடும், காரம் நாக்கைக் கடிக்காது. கடையில "கொழுந்து வெத்தலையா குடுங்க"ன்னு கேளுங்க, கூட கொஞ்சம் சீவல், சுண்ணாம்பு ஒரு துளி. புகையிலை வேணாம்.

மொத நாள் சாயங்காலம்: தாராசுரம், வேற எதுவும் இல்ல

நாலு மணிக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு தாராசுரம் போங்க, மேற்கால மூணு நாலு கிலோமீட்டர் தான். ஆட்டோன்னா ஏறறதுக்கு முன்னாடி காசு பேசிக்கோங்க, போக வர, காத்திருக்கற நேரம் எல்லாம் சேத்து. ஐராவதேஸ்வரர் கோவில், இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டுல கட்டினது, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. டிக்கெட் கிடையாது. ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, ஏன்னா இந்தக் கோவிலோட அருமை அளவுல இல்ல, நுணுக்கத்துல. தஞ்சாவூர்ல அண்ணாந்து பாப்பீங்க, இங்க மூக்கு கல்லுல இடிக்கற மாதிரி கிட்ட போய்ப் பாக்கணும்.

எந்த வரிசைல பாக்கறதுன்னு சொல்லிடறேன். மொதல்ல வாசல்ல நந்திகிட்ட பலிபீடத்துப் படிக்கட்டு, தட்டினா சுரம் வரும், இப்ப கம்பி போட்டு அடைச்சிருக்காங்க, தட்டித் தட்டித் தேஞ்சுடக்கூடாதுன்னு, அது நல்லதுக்குத்தான், கையை நுழைக்காதீங்க. அடுத்து ராஜகம்பீரன் திருமண்டபம், குதிரை இழுக்கற தேர், சக்கரத்தோட ஆரத்தைப் பாருங்க. உள்ள ஒவ்வொரு தூணுலயும் கட்டம் கட்டமா நாட்டியமும் புராணமும், சில உருவம் கட்டைவிரல் அளவு தான். அப்பறம் யானையும் காளையும் ஒரே தலையா இருக்கற சிற்பம், ஒரு பக்கத்து உடம்பைக் கையால மறைச்சா யானை, மறுபக்கத்தை மறைச்சா காளை. பசங்களுக்கு அது ஒண்ணே போதும், அங்கயே நின்னுடுவாங்க.

கடைசியா, பெரும்பாலான பேர் விட்டுட்டுப் போற இடம். கருவறையோட வெளிச்சுவர்ல கீழ, முழங்கால் உசரத்துக்கும் கம்மியா, ஒரு வரிசை ஓடும். 63 நாயன்மார் கதை, பெரிய புராணத்தைக் கல்லுல வரிசையா செதுக்கி வச்சிருக்காங்க, எழுத்துல விளக்கமும் வெட்டியிருக்கு. கண்ணப்பர், முதலை வாய்லேர்ந்து பிள்ளை வர்ற சுந்தரர் கதை எல்லாம் தேடித் தேடிப் பாக்கலாம். தெரிஞ்ச வழிகாட்டி ஒருத்தரை வச்சுக்கிட்டா நல்லது, மொதல்லயே பணம் பேசிக்கோங்க. சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு மஞ்ச வெயில் சாஞ்சு விழும்போது அந்தச் சிற்பமெல்லாம் நிழலோட எழும்பி நிக்கும், போட்டோ எடுக்கறவங்க அந்த அரை மணி நேரத்துக்காகவே வருவாங்க. மழைக்காலத்துல ஒரு எச்சரிக்கை, கோவில் சாலை மட்டத்தை விடப் பள்ளத்துல இருக்கு, உள்ள தண்ணி நிக்கும்.

ராத்திரி டிபனுக்கு கடப்பா கேளுங்க. கடப்பான்னா கல்லு இல்லீங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்கா சோம்பு கசகசா அரைச்சு விட்டுச் செய்யற ஒரு குழம்பு மாதிரி, இட்லி தோசைக்கு ஊத்திக்கறது, தஞ்சாவூர் கும்மோணம் பக்கம் தான் இதோட சொந்த ஊரு. எல்லாக் கடைலயும் எல்லா நாளும் போட மாட்டாங்க, "இன்னிக்குக் கடப்பா இருக்கா"ன்னு கேட்டுட்டு உக்காருங்க. இருந்தா ரவா தோசை வேணாம், சாதா இட்லி நாலு சொல்லுங்க, அது தான் அந்தக் குழம்பை நல்லா இழுக்கும்.

ரெண்டாம் நாள் காலை: ஆறும் கடைத்தெருவும்

இன்னிக்கு வடக்கால போங்க, காவிரிக்கு. சக்கரப் படித்துறை, பகவத் படித்துறை, டபீர் படித்துறைன்னு வரிசையா படித்துறைகள். தண்ணி ஓடற மாசமா இருந்தா படில உக்காந்து காலை விடுங்க, இழுப்பு இருக்கும், நீச்சல் தெரியாதவங்க இறங்கவே வேணாம். பக்கத்துலயே சக்கரபாணி கோவில். பெருமாள் இங்க சக்கரத்தோட ரூபத்துல, எட்டுக் கை மூணு கண்ணோட இருக்காரு, சிவனுக்குப் போடற வில்வத்தை இவருக்கும் அர்ச்சனை பண்ணுவாங்க. 

அங்கேர்ந்து தெற்கால பெரிய கடைத்தெரு, நேரா நடந்தா மறு கோடில ராமசாமி கோவில். இந்த ரெண்டு கோவிலையும் சேர்க்கற தெரு இது. பித்தளை, வெங்கலம், எவர்சில்வர், பூஜை சாமான், துணி, மளிகைன்னு ரெண்டு பக்கமும் கடை. பித்தளைப் பாத்திரம் எடை போட்டுத்தான் விப்பாங்க, அதனால மொதல்ல கிலோ என்ன விலைன்னு ரெண்டு மூணு கடைல கேட்டுட்டு அப்பறம் பொருளைத் தொடுங்க. ஃபில்டரோ டபரா செட்டோ வாங்கறதா இருந்தா உள்பக்கம் வெள்ளீயம் பூசியிருக்கான்னு பாருங்க, பூசாத பித்தளைல புளி, தயிர், எலுமிச்சை ஆகவே ஆகாது. ஒரு தடவ என் சித்தி அவசரத்துல எடை போடாம மொத்தமா விலை பேசி ஒரு அண்டா வாங்கிட்டாங்க, வீட்ல வந்து நிறுத்துப் பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு கிலோ காசு கூடப் போயிருக்கு. தராசுல வைக்கச் சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க, இங்க அது தான் வழக்கம்.

ராமசாமி கோவில் நாயக்கர் காலத்துது. முன் மண்டபத் தூண்ல இருக்கற சிற்பங்களைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும், ஒரே கல்லுல முழு ஆள் உருவம், விரல் நகம், வளையல், கொண்டை எல்லாம் தெளிவா. கருவறையில ராமரும் சீதையும் ஒரே ஆசனத்துல பட்டாபிஷேகக் கோலம், தம்பிங்க மூணு பேரும் கூட, அனுமார் கையில வீணை வச்சிருக்காரு. பிரகாரச் சுவர்ல ராமாயணம் பூராவும் படமா வரைஞ்சிருக்கு, மூணு சுத்து சுத்தினா தான் கதை முடியும். நாங்கெல்லாம் ராமாயணம் படிச்சதே அந்தச் சுவர்லதான், பாட்டி விரலால காட்டிக் காட்டிச் சொல்லுவாங்க. குழந்தைங்களோட வர்றவங்க இந்தக் கோவில்ல அவசரப்படுத்தாதீங்க.

போற வழில பழைய பாலக்கரைப் பக்கம் வந்தீங்கன்னா அங்க ஒரு நினைவு மண்டபம் இருக்கும். 2004 ஜூலை 16 பள்ளிக்கூடத் தீ விபத்துல போன 94 குழந்தைகளுக்கானது. ஒவ்வொரு வருஷமும் அன்னிக்குப் பெத்தவங்க வந்து விளக்கேத்துவாங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. போட்டோ வேணாம்.

ரெண்டாம் நாள் மத்தியானம்: பட்டறை

கோவில் மூடற நேரத்தை வீணாக்காம இருக்க இது தான் வழி. சாமிமலைக்கு பஸ்ல போங்க, ஏழெட்டு கிலோமீட்டர். பஞ்சலோக விக்கிரகம் வார்க்கற ஸ்தபதிங்க பரம்பரை பரம்பரையா இருக்கற ஊரு. 2023ல டெல்லில ஜி20 மாநாட்டு மண்டபத்து முன்னாடி வச்சாங்களே 27 அடி நடராஜர், அது இவங்க வார்த்தது தான். பட்டறை வாசல்ல நின்னு "பாக்கலாங்களாய்யா"ன்னு மரியாதையா கேட்டா பெரும்பாலும் உள்ள கூப்பிடுவாங்க. வாங்கித்தான் ஆகணும்னு இல்ல, ஆனா வேலை நடக்கற இடத்துல குறுக்க நிக்காதீங்க, அடுப்புகிட்ட பசங்களை விடாதீங்க.

என்ன பாக்கணும்னா, தென்னை ஓலை நறுக்கை எடுத்து மடிச்சு மடிச்சு அளவு குறிப்பாங்க, அதுல தான் முகம் எத்தனை, மார்பு எத்தனைங்கற தாளக் கணக்கு (உருவத்தோட அளவுக் கணக்கு) பூரா இருக்கு. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேத்து உருவம் செய்வாங்க. அதுமேல காவிரி வண்டல் மண்ணைக் குழைச்சுப் பூசுவாங்க. இந்த மண்ணு ரொம்ப நைசு, மெழுகுல இருக்கற மயிரிழைக் கோட்டைக் கூட அப்படியே பிடிச்சுக்கும், அதனால தான் ஸ்தபதிங்க ஆத்தங்கரைய விட்டுப் போகல. காய்ஞ்சதும் சூடு பண்ணினா மெழுகு உருகி ஓடிடும், அந்தக் காலி இடத்துல உருக்கின உலோகத்தை ஊத்துவாங்க. ஆறினதும் அச்சை உடைச்சுத்தான் எடுக்கணும். அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலை தான், அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னா திரும்ப மெழுகுலேர்ந்து ஆரம்பிக்கணும். கண் திறக்கறது கடைசி வேலை. வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா பழைய சிலை இல்லன்னு தொல்லியல் துறை சான்றிதழ் வேணும், வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

நாலு மணி ஆனதும் சாமிமலை முருகன். நாலாவது படைவீடு, 60 படி, தமிழ் வருஷம் அறுபதோட பேரும் படிக்கு ஒண்ணா. நீங்க பொறந்த வருஷத்துப் படி எதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் போங்க. அப்பனுக்கே பிரணவம் சொல்லிக் குடுத்த பிள்ளை, சாமிநாதன்.

சாமிமலைக்குப் பதிலா வேற பட்டறை பிடிக்கும்னா ரெண்டு வழி இருக்கு. பட்டுன்னா திருபுவனம், மாயவரம் ரோட்டுல. தெருவுல நடந்தாலே தறி சத்தம் கேக்கும், சேலையை விசிறி மடிப்புல மடிச்சுக் குடுப்பாங்க, கூட்டுறவு சங்கக் கடையில வாங்கினா ஏமாறமாட்டீங்க. சரபேஸ்வரர் இருக்கற கம்பஹரேஸ்வரர் கோவிலும் அங்கயே. விளக்குன்னா நாச்சியார்கோவில், திருவாரூர் ரோட்டுல. குத்துவிளக்கு அடி, தண்டு, தகழி, மேல அன்னம்னு தனித்தனியா வார்த்து மரை போட்டு முடுக்கறது. வாங்கறப்ப ஒவ்வொரு மரையையும் கழட்டி மாட்டிப் பாருங்க, எண்ணெய் ஊத்தினா கசியக்கூடாது. அங்க பெருமாள் கோவில்ல கல் கருடன் இருக்காரு, உள்ளேர்ந்து நாலு பேரு தூக்குவாங்க, வெளிய வர வர 8, 16, 32, 64ன்னு ஆள் கூடிக்கிட்டே போகணும், திரும்பி வரும்போது அதே மாதிரி குறைஞ்சுக்கிட்டே வரும். மூணையும் ஒரே மத்தியானத்துல போகாதீங்க, ஒண்ணு எடுங்க.

மூணாவது நாள் கையில இருந்தா கங்கைகொண்ட சோழபுரம், அணைக்கரை வழியா. வழில கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டறப்ப ஜன்னல் சீட்டுல உக்காருங்க.

கிளம்பற அன்னிக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போக வெத்தலை வாங்கிடுங்க. ஒரு கவுளின்னா 100 இலை. ஈரத்துணில சுத்தி அதுமேல வாழை இலையோ வாழை மட்டையோ வச்சுக் கட்டித் தரச் சொல்லுங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகிடும். காபிப் பொடி வாங்கினா அப்ப அரைச்சதா வாங்கி, சிக்கரி எவ்வளவுன்னு நீங்க சொல்லிக் கலக்கச் சொல்லுங்க. உழவன் ராத்திரி வண்டி, ஸ்டேஷனுக்கு அரை மணி முன்னாடி போயிட்டா போதும், மகாமகக் குளம் வழியாவே நடந்து போங்க, அந்த நேரத்துக்கு மண்டபத்து விளக்கெல்லாம் தண்ணில தெரியும்.